ராமர் பாலத்து அணில் எப்படிப்பட்ட ஆளு?

இந்த எபிசோடோட ஹீரோ சுமார் 100 கிராம் எடை இருப்பார். பேரு அணில்.

கதை உங்களுக்குத் தெரியும். இலங்கைக்குப் போக ராமர் கடலில் பாலம் கட்டுகிறார். குரங்குகள் மலையைத் தூக்கிட்டு வருது. ஒரு குட்டி அணில் தண்ணியில முங்கி, மணல்ல புரண்டு, ஒட்டின மணலைக் கொண்டுபோய்க் கடல்ல உதறுது. ராமர் அதைக் கையில எடுத்து மூணு விரலால தடவிக் கொடுக்குறார். அதான் முதுகுல மூணு கோடு. எங்க அப்பத்தா சொன்ன வெர்ஷன் இது.

ரொம்ப வருஷம் கழிச்சு இதே கதையை ஒரு ஆபீஸ் மீட்டிங்ல கேட்டேன். அப்போ நான் வேலை பார்த்த கம்பெனியில ஒரு ரிலீஸ் நெருக்கடி. "எல்லாரும் அணில் மாதிரி நம்மால முடிஞ்சதைச் செய்வோம்"னு மேனேஜர் சொன்னார். மூணு வாரம் சனி, ஞாயிறு லீவே இல்ல. அப்ரைசல்ல அதைப் பத்தி ஒரு வரி வரல. தடவலும் இல்ல, கோடும் இல்ல. அன்னையிலேர்ந்து எனக்கு அணில் மேலயே ஒரு கடுப்பு. இது நல்ல மனசா, இல்ல ஏமாளித்தனமா?

சரி, பழைய நூல்கள்ல இந்த அணில் யாருன்னு தேடிப் பார்த்தேன். முதல் ஆச்சரியம்: வால்மீகி ராமாயணத்தில் அணிலே கிடையாது. அங்கே பாலம் கட்டும் பொறுப்பு நளன் என்ற வானரனுடையது, விஸ்வகர்மாவின் மகன். மொத்தம் 100 யோசனை தூரம், ஐந்து நாள் வேலை. முதல் நாள் 14, அப்புறம் 20, 21, 22, 23. கூட்டிப் பாருங்க, சரியா 100 வரும். நம்ம ஸ்பிரிண்ட் சார்ட் கூட இவ்வளவு அழகா ஏறாது. ஆனா அந்தக் கணக்கில் அணிலுக்கு ஒரு பங்கும் இல்லை. கம்பர் பாடிய சேதுபந்தனப் படலத்திலும் அது வரவில்லை.

அப்போ எங்கே வருது? திருவரங்கத்தில். சுமார் 8, 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் தொண்டரடிப்பொடி ஆழ்வார். இயற்பெயர் விப்ரநாராயணர். கோயிலுக்கு நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டிக் கொடுத்தவர். அவருடைய 'திருமாலை'யில் 45 பாசுரங்கள் இருக்கு. 27-வது பாசுரத்தில் நம்ம அணில் ஓடி வருது. குரங்குகள் மலையைத் தள்ளுது, அணில் குளிக்குது, புரளுது, கடலை அடைக்க ஓடுது. அவ்வளவுதான். ராமர் அதைப் பார்த்ததாக அதில் இல்லை. தடவவில்லை. கோடு இல்லை.

அணிலோட குணத்துக்கு ஆழ்வார் கொடுப்பது ஒரே ஒரு அடைமொழி: சலம் இல்லாதது. சலம்னா இங்கே கபடம், வஞ்சனை. அதாவது உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணுன்னு இல்லாதது. 'சின்னது', 'பாவம்', 'கடின உழைப்பாளி' என்றெல்லாம் அவர் சொல்லவில்லை.

இதை யாரைப் பார்த்துச் சொல்றார்ங்கறதுதான் முக்கியம். தன்னைப் பார்த்தே சொல்றார். அந்த அணில் அளவுக்குக்கூட நான் இல்லையே, என் நெஞ்சு மரம் மாதிரி இறுகிப் போயிருக்கேன்னு வருத்தப்படுறார். தொண்டரடிப்பொடின்னா அடியார்களின் கால் தூசி. தன்னைத் தூசின்னு சொல்லிக்கிட்ட ஒருத்தர், தூசி சுமந்த ஒரு ஜீவனைப் பார்த்து ஏங்குறார்.

கோடு பிற்பாடு வந்து சேர்ந்திருக்கணும். 13-ஆம் நூற்றாண்டுத் தெலுங்கு நூலான ரங்கநாத ராமாயணத்தில் ராமர் அணிலைத் தடவிக் கொடுக்கிறார். நம்ம ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு. வட இந்தியாவில் அதிகம் பார்க்கும் அணில் வேற இனம், அதுக்கு ஐந்து கோடு. மூணு விரல் கணக்கு நம்ம பக்கத்து அணிலுக்கும், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இருக்கும் அணிலுக்கும் கச்சிதமாப் பொருந்துது.

அழகான சேர்க்கைதான், மறுக்கல. ஆனா கோடு வந்ததும் கதையோட முடிவு மாறிடுது. அணிலோட மனசுல முடிஞ்ச கதை, இப்போ அதுக்குக் கிடைச்ச பரிசுல முடியுது. 'நீயும் உழை, உனக்கும் கோடு கிடைக்கும்'னு அடுத்தவங்ககிட்ட சொல்ல வசதியாயிடுது.

இதெல்லாம் படிச்சுட்டு ஒரு வீக்கெண்ட் பைக்ல கிளம்பினேன். முதல்ல ராமநாதபுரத்துக்குத் தெற்கே திருப்புல்லாணி. கடலரசன் வழி விடணும்னு ராமர் மூணு நாள் தர்ப்பைப் புல்லில் படுத்துக் கிடந்ததாகச் சொல்லும் ஊர். கோயிலில் அந்தக் கிடந்த கோலத்தையே பார்க்கலாம். பக்கத்தில் சேதுக்கரை. அங்கிருந்து பாம்பன் தாண்டி, 1964 டிசம்பர் புயல் அழித்த தனுஷ்கோடி வழியா அரிச்சல்முனை.

ரோடு முடியிற இடத்தில் பாறை, மலைன்னு எதுவும் கண்ணில் படல. ரெண்டு பக்கமும் கடல், நடுவுல மணல். அதுக்கு அப்பால் மன்னார் பக்கம் வரிசையா மணல் தீடைகள். அலையும் நீரோட்டமும் கொண்டுவந்து சேர்த்த மணல், இடம் மாறிக்கிட்டே இருக்கும். எந்த மணல் எப்போ வந்துச்சுன்னு யாரும் எண்ணி வைக்கல. ஈர மணல் காலெல்லாம் ஒட்டிக்கிச்சு. ஷூவைத் தட்டிக்கிட்டே நின்னப்போ ஒரு விஷயம் உறுத்துச்சு.

அந்த மேனேஜர் மேல எனக்கு இருந்த கடுப்பு நியாயமானதுதான். அணில் தானா ஓடுச்சு, யாரும் அதை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லல. ஆனா போன மாசம் நான் என்ன பண்ணேன்? இப்போ நான் ஒரு டீம் லீட். புதுசா சேர்ந்த ஒரு ஜூனியர்கிட்ட, யாருமே தொட விரும்பாத ஒரு பழைய மாட்யூலைத் தள்ளிவிட்டு, "ராமர் பாலத்துக்கு அணில் மாதிரி, தம்பி"ன்னு சிரிச்சேன். அவனும் சிரிச்சான். ரெண்டு சனிக்கிழமை வேலை பார்த்தான். ஆழ்வார் தன்னைப் பார்த்துச் சொன்னதை நான் அவனைப் பார்த்துச் சொல்லியிருக்கேன். சலம்னா என்னன்னு எனக்கு அப்போதான் புரிஞ்சது.

திங்கட்கிழமை அந்த டிக்கெட்டில் பாதியை என் பேருக்கு மாத்திக்கிட்டேன். மீதிக்கு அவன் பேரைப் போட்டு ரிலீஸ் நோட்டில் எழுதினேன். அணில் கதையை மட்டும் அவன்கிட்ட திரும்பச் சொல்லல.

உங்க வீட்டுல சொன்ன அணில் கதையில கோடு எப்படி வந்துச்சு? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.