மிக்ஸ் அடைமொழியும் அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களும்

மிக்ஸ் என்பது ஆங்கிலத்தில் ஒருவருடைய பெயருக்கு முன்னால், அவர் ஆணா பெண்ணா என்று சொல்லாமல், மரியாதைக்காகச் சேர்க்கும் அடைமொழி. எம், எக்ஸ் என்ற இரண்டே எழுத்துகளால் எழுதப்படுகிறது. தம்மை ஆண் என்றோ பெண் என்றோ வரையறுத்துக்கொள்ளாத நான்பைனரி பாலினத்தவர் இதை அதிகம் பயன்படுத்துகின்றனர். பாலினத்தை வெளியே சொல்ல விரும்பாத வேறு எவரும் பயன்படுத்தலாம். வங்கிப் படிவத்தில் யாரும் கவனிக்காமல் கடந்துபோகும் இந்த அடைமொழி, பள்ளிக்கூடத்துக்குள் வந்தபோது சிலருடைய வேலைக்கே உலை வைத்தது. அமெரிக்காவில், குறிப்பாக புளோரிடா மாநிலத்தில், 2017 முதல் நடந்துவருபவை இதற்குச் சான்று.

தோற்றம்

இச்சொல் பலர் நினைப்பதுபோல் இணைய காலத்தில் பிறந்ததன்று. 1977இல் ‘தி சிங்கிள் பேரன்ட்’ என்ற அமெரிக்க இதழில் இது அச்சேறியிருக்கிறது. ஆனால் அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறு வட்டங்களிலேயே புழங்கியது. 2013இல் இங்கிலாந்தின் பிரைட்டன் அண்ட் ஹோவ் நகர மன்றம் தன் படிவங்களில் இதைச் சேர்க்க முடிவெடுத்த பிறகுதான் அரசு அலுவலகங்களும் வங்கிகளும் இதை ஏற்கத் தொடங்கின. 2015இல் ஆக்ஸ்ஃபோர்டின் இணைய அகராதியில் இடம்பெற்றது. எச்எஸ்பிசி வங்கி 2017இல் தன் பிரிட்டன் வாடிக்கையாளர்களுக்குப் பாலினம் சுட்டாத அடைமொழிகளின் பட்டியல் ஒன்றையே கொடுத்தது.

இதற்கு முன்னோடி, பெண்ணின் திருமண நிலையைச் சொல்லாத ‘எம்எஸ்’ என்ற அடைமொழி. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்து நாளேடு ஒன்று 1901 நவம்பரில் அதைப் பரிந்துரைத்தது. ஒருவர் மிஸ்ஸா மிசஸா என்று தெரியாதபோது அழைப்பவருக்கு ஏற்படும் சங்கடத்தைத் தீர்ப்பதே நோக்கம்; பெண்ணுரிமைப் பேச்சு அதில் இல்லை. 1970களில் பெண்கள் இயக்கம் அதைக் கையிலெடுத்தது. அப்படியும் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளேடு 1986வரை அதை ஏற்காமல் பிடிவாதம் பிடித்தது. முதல் பரிந்துரைக்கும் அந்த ஏற்புக்கும் இடையே 85 ஆண்டுகள்.

பள்ளியில் மட்டும் ஏன் சிக்கல்?

அமெரிக்க அலுவலகங்களில் பெரும்பாலும் பெயர் சொல்லித்தான் பேசிக்கொள்வார்கள். மேலாளரையும் பெயர் சொல்லியே அழைப்பது வழக்கம். அடைமொழி கடிதத்தோடு நின்றுவிடும். பள்ளியில் அப்படி இல்லை. ஆசிரியரை மிஸ்டர், மிஸ், மிசஸ், எம்எஸ் ஆகியவற்றுள் ஒன்றோடு குடும்பப் பெயரைச் சேர்த்தே மாணவர்கள் அழைக்க வேண்டும். வகுப்பறைக் கதவு, கால அட்டவணை, பெற்றோருக்குப் போகும் மின்னஞ்சல் என எல்லா இடத்திலும் அதுவே இருக்கும். ஒரே நாளில் நூறு முறை காதில் விழும். தமிழ்நாட்டு வகுப்பறையில் ‘சார்’, ‘மிஸ்’ என்று ஒலிப்பதை நினைத்துக்கொண்டால் இதன் அழுத்தம் விளங்கும். நான்பைனரி ஆசிரியர் ஒருவர் தம் பாலினத்தைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தைகூடப் பேச விரும்பாமல் இருக்கலாம். ஆனாலும் முதல் நாள் காலையில் பலகையில் பெயரை எழுதும்போது ஏதோ ஓர் அடைமொழியைத் தேர்ந்தே ஆக வேண்டும். பேசாமல் இருக்கும் வசதி அவருக்கு இல்லை.

இந்த நெருக்கடி எல்லா இடத்திலும் இல்லை. சுவீடனில் 1960களின் பிற்பகுதியில் மரியாதை அடைமொழிகள் வழக்கொழிந்து, ஆசிரியரையும் மாணவர்கள் பெயர் சொல்லி அழைக்கலாயினர். அமெரிக்காவிலேயே குவேக்கர் சபையினர் நடத்தும் பள்ளிகள் பலவற்றில் அதே வழக்கம் உண்டு. அங்கே அடைமொழி இல்லை, எனவே அது குறித்த வழக்கும் இல்லை.

பாகுபாட்டின் வடிவங்கள்

அமெரிக்காவில் 18 முதல் 60 வயதுக்குட்பட்ட நான்பைனரி மக்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள வில்லியம்ஸ் ஆய்வு நிறுவனம் 2021இல் கணித்தது. இவர்களுள் ஆசிரியர்களாக இருப்போர் சந்திக்கும் தொல்லை பெரும்பாலும் நேரடிப் பணிநீக்கமாக வருவதில்லை. கேட்ட அடைமொழியைச் சக ஊழியர்கள் வேண்டுமென்றே தவிர்ப்பது, எந்தக் கழிப்பறைக்குப் போவது என்ற அன்றாடச் சண்டை, பெற்றோர் புகாரைக் காட்டி வகுப்பு மாற்றுவது எனச் சிறிது சிறிதாகச் சேரும்.

ஓரிகன் மாநிலத்தில் கிரெஷம்-பார்லோ பள்ளி மாவட்டத்தில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் கொடுத்த புகார் இவ்வகையினது. சக ஊழியர்கள் தொடர்ந்து துன்புறுத்தினர், நிர்வாகம் தடுக்கவில்லை என்றார் அவர். 2016இல் மாவட்டம் 60,000 டாலர் கொடுக்கவும் பாலினம் சாராக் கழிப்பறைகள் அமைக்கவும் ஒப்புக்கொண்டது. பாலின அடையாளத்தின் பேரில் வேலையில் வேறுபாடு காட்டுவதை ஓரிகன் சட்டம் 2008 முதலே தடைசெய்திருந்தது என்பதை இங்கே மறக்கக் கூடாது. சட்டம் பின்னால் இருந்ததால்தான் சமரசம் எளிதாயிற்று.

புளோரிடாவில் அந்த அரண் இல்லை. 2017இல் தலைநகர் டாலஹாசியில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர், தம்மை மிக்ஸ் என்று அழைக்குமாறும் ‘தே’ என்ற பன்மைச் சுட்டுப்பெயரால் குறிப்பிடுமாறும் பெற்றோருக்குக் கடிதம் அனுப்பினார். பள்ளி முதல்வர் ஆதரித்தார். பெற்றோர் சிலர் கொதித்தனர். சில வாரங்களில் அந்த ஆசிரியர் வயதுவந்தோர் கல்விப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். இருதரப்பும் பேசி எடுத்த முடிவு என்றது மாவட்ட நிர்வாகம். இருக்கலாம். ஆனால் 2011 ஜூலைக்குப் பிறகு புளோரிடாவில் பணியில் சேர்ந்த ஆசிரியர்களுக்கு ஆண்டு ஒப்பந்தம் மட்டுமே. காரணம் சொல்லாமலே புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். அந்த நிலையில் ‘இருதரப்பு ஒப்புதல்’ என்பதில் ஒரு தரப்புக்கு எவ்வளவு பிடிமானம் இருக்கும் என்பது கேள்விதான்.

2023ஆம் ஆண்டுச் சட்டம்

2023 மே மாதம் ஆளுநர் ரான் டிசாண்டிஸ் கையெழுத்திட்ட 1069ஆம் எண் சட்ட முன்வரைவு அதே ஆண்டு ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. பிறப்பின்போதுள்ள பாலினத்தோடு பொருந்தாத அடைமொழியையோ சுட்டுப்பெயரையோ அரசுப் பள்ளி ஊழியர் எவரும் தமக்குரியதென்று மாணவரிடம் கூறக் கூடாது என்கிறது அது. பிள்ளைகள் எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பெற்றோர் உரிமை, பாடம் நடத்தும் முறையைத் தீர்மானிப்பது அரசின் உரிமை என்பவை ஆதரவாளர்கள் வாதம்.

மிக்ஸ் இதில் விநோதமாக மாட்டிக்கொண்டது. எந்தப் பாலினத்தையும் சொல்லாத அடைமொழி, ஒரு பாலினத்தோடு பொருந்தவில்லை என்பதால் தடைக்குள் வந்துவிட்டது. டாக்டர், கோச் ஆகியவையும் பாலினம் சொல்லாதவைதாம். அமெரிக்கப் பள்ளிகளில் அவை நெடுங்காலமாக இருக்கின்றன, யாரையும் உறுத்தியதில்லை. ஆக, பாலினம் தெரியாமல் போவது இங்கே பிரச்சினை இல்லை. அதைச் சொல்ல மறுப்பதுதான் பிரச்சினை. மாநில அரசின் இணையவழிப் பள்ளியான புளோரிடா வெர்ச்சுவல் ஸ்கூலில் மிக்ஸ் என்பதைக் கைவிட மறுத்த நான்பைனரி ஆசிரியர் ஒருவர் 2023 அக்டோபரில் வேலை இழந்தார்.

நீதிமன்றங்களில்

வேலை இழந்த அந்த ஆசிரியரும் திருநங்கை ஆசிரியைகள் இருவரும் சேர்ந்து 2023 டிசம்பரில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் ‘வுட் எதிர் புளோரிடா கல்வித் துறை’ வழக்கைத் தொடுத்தனர். அவர்கள் கையில் இரண்டு ஆயுதங்கள் இருந்தன. ஒன்று, 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பிரிவு. பாலின அடையாளத்துக்காகப் பணிநீக்கம் செய்வதும் பால் பாகுபாடே என்று 2020 ஜூனில் பாஸ்டாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் கூறியிருந்தது. நான்பைனரி மக்களைப் பற்றி அது தனியாக எதுவும் சொல்லவில்லை. மற்றொன்று, அரசியலமைப்பின் முதல் திருத்தம் தரும் பேச்சுரிமை.

2024 ஏப்ரலில் நீதிபதி மார்க் வாக்கர் பேச்சுரிமையை ஏற்று, ஓர் ஆசிரியைக்கு மட்டும் பொருந்தும் வகையில் அச்சட்டத்துக்கு இடைக்காலத் தடை விதித்தார். ஹில்ஸ்பரோ கவுண்டியில் கணக்குப் பாடம் நடத்தும் அந்தத் திருநங்கை, சட்டம் வந்த பிறகு வேறு வழியின்றி ‘டீச்சர்’ என்ற சொல்லைத் தம் குடும்பப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டிருந்தார். 2025 ஜூலை 2 அன்று பதினோராவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்ற கணக்கில் அத்தடையை நீக்கியது. வகுப்பறையில் மாணவரிடம் ஆசிரியர் தம்மை இன்னார் என்று சொல்லிக்கொள்வது குடிமகன் பேச்சு ஆகாது, அரசு ஊழியர் பேச்சு என்று நீதிபதி கெவின் நியூசம் எழுதினார். பணியின் பகுதியாகப் பேசுவதற்கு முதல் திருத்தப் பாதுகாப்பு இல்லை என்ற 2006ஆம் ஆண்டு கார்செட்டி தீர்ப்பே அடிப்படை. நீதிபதி அடல்பெர்ட்டோ ஜோர்டன் மாறுபட்டார்.

எதிர்த்திசை வழக்குகளோடு வைத்துப் பார்த்தால் முரண் துலங்கும். மாணவர் கேட்ட சுட்டுப்பெயரைச் சொல்ல மறுத்த ஓஹையோவிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியருக்கு 2021இல் ஆறாவது வட்ட நீதிமன்றம் பேச்சுரிமை உண்டென்றது. வர்ஜீனியாவில் அதே காரணத்துக்காக நீக்கப்பட்ட பிரெஞ்சு மொழி ஆசிரியரின் வழக்கை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2023இல் உயிர்ப்பித்தது; பின்னர் அவருக்கு 5,75,000 டாலர் சமரசத் தொகை கிடைத்தது. முன்னது கல்லூரி ஆசிரியரின் கல்விச் சுதந்திரத்தையும், பின்னது மாநில அரசியலமைப்பையும் சார்ந்தவை என்பதால் சட்டப்படி இவை ஒன்றையொன்று வெட்டவில்லை. ஆனால் பணியிடத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் செய்தி வேறு: பிறர் அடையாளத்தைச் சொல்ல மறுக்கும் ஆசிரியருக்குத் தன் பேச்சின்மேல் உரிமை உண்டு, தன் அடையாளத்தைச் சொல்லும் ஆசிரியருக்கு இல்லை.

கூட்டாட்சி அரசின் நிலையும் இக்காலத்தில் தலைகீழானது. பாலின அடையாளத்தை மதிக்காமல் திரும்பத் திரும்ப வேண்டுமென்றே தவறாக அழைப்பது பணியிடத் துன்புறுத்தல் ஆகலாம் என்று சமவேலைவாய்ப்பு ஆணையம் 2024 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மே மாதம் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று அந்தப் பகுதியை ரத்துசெய்தது. அதற்கு முன்பே, 2025 ஜனவரி 20 அன்று, ஆண், பெண் என்ற இரு பாலினங்களை மட்டுமே அரசு ஏற்கும் என்ற ஆணையை அதிபர் டிரம்ப் பிறப்பித்திருந்தார். 2022 முதல் கடவுச்சீட்டில் தரப்பட்டுவந்த ‘எக்ஸ்’ குறியீடும் அதனால் நிறுத்தப்பட்டது.

பதினோராவது வட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பு புளோரிடா, ஜார்ஜியா, அலபாமா ஆகிய மூன்று மாநிலங்களைக் கட்டுப்படுத்தும். ஓரிகன், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் அவற்றின் சொந்தச் சட்டங்கள் இன்னும் ஆசிரியருக்குத் துணை நிற்கின்றன. அங்கே மிக்ஸ் என்று எழுதிய பெயர்ப்பலகையைக் கதவில் மாட்டத் தடையில்லை.