ஒரு சாய்வுக்கோடு போட்ட சுற்றுவழி

இந்த எபிசோடை குலசையிலிருந்து ஆரம்பிக்கலாம். தசராவுக்குப் பேர்போன அதே குலசேகரன்பட்டினம்தான். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே அடிக்கல் நாட்டினாங்க. ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது இது எதுக்கு? துருவப் பாதைக்குப் போகிற ராக்கெட் அங்கிருந்து நேராகத் தெற்கே போக முடியாது. வழியில் இலங்கை இருக்கு. முதலில் தென்கிழக்கே போய், அப்புறம் திரும்பணும். அந்த வளைவுக்கே எரிபொருள் செலவாகும். எஸ்எஸ்எல்வி மாதிரி சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசைக்குத் தெற்கே கடல்தான்.

நம்ம பில்ட் ஸ்கிரிப்ட்டிலும் இப்படி ஒரு வளைவு உண்டு. யூனிக்ஸ் 1970-களிலேயே ஃபோல்டர்களைப் பிரிக்க / போட்டது. 1981-ல் ஐபிஎம் பிசியோடு வந்த முதல் டாஸில் ஃபோல்டரே கிடையாது. அதனால் ஐபிஎம் தந்த கட்டளைகள் / குறியை ஆப்ஷனுக்கு எடுத்துக்கிட்டன. 1983-ல் டாஸ் 2.0 ஃபோல்டர்களோடு வந்தப்போ, அந்த சீட்டில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்தாச்சு! பழசு எதுவும் உடையக் கூடாதுன்னு மைக்ரோசாஃப்ட் \ பக்கம் திரும்பியது.

அதன் விலையை இன்னைக்கும் நாம கொடுக்கிறோம். லினக்ஸுக்கு \ என்பது பெயரில் வரக்கூடிய சாதாரண எழுத்து. விண்டோஸ் லேப்டாப்பில் \ போட்டு எழுதின ஸ்கிரிப்ட், லினக்ஸ் சர்வரில் ஃபோல்டருக்குள் ஃபைலை வைக்காது. பெயரிலேயே \ இருக்கிற ஒரே ஃபைலை உருவாக்கிடும். எரர் வராது. ரிலீஸில் அந்த ஃபைல் மட்டும் இருக்காது.

வேடிக்கை என்னன்னா, டாஸ் 2.0-வின் உள்பகுதி அப்பவே / குறியையும் ஏத்துக்கிட்டது. இன்றைய விண்டோஸும் பெரும்பாலும் ஏத்துக்கும். பழைய கட்டளைகளில்தான் அது ஆப்ஷனாகக் குழம்பும். அதனால் ஸ்கிரிப்ட்டில் பாதையைக் கையால் ஒட்டாதீங்க. பைத்தானில் 2014-லிருந்து பாத்லிப் இருக்கு, நோடில் பாத்.ஜாயின் இருக்கு. சிமேக்கில் எல்லா இடத்திலும் / போட்டாலே போதும்.

ராக்கெட்டுக்குப் புது ஏவுதளம் கட்டலாம். 1983 முடிவை அப்படி இடம் மாத்த முடியாது. அதன் மேல் கட்டின மென்பொருள் அத்தனை. அந்த வளைவை லைப்ரரி பார்த்துக்கட்டும். நாம போக வேண்டிய இடத்தை மட்டும் சொன்னால் போதும்.