சுவர்த்தாள் மீது வண்ணம் பூசுதல்

சுவரில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் தாளை உரிக்காமல் அதன் மேலேயே பெயின்ட் அடிக்கும் முறை இது. பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா போன்று சுவர்த்தாள் நீண்டகாலமாகப் புழங்கும் நாடுகளில், பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள் கையாள்வது. தேர்ந்த பெயின்டர்கள் பலர் இதைச் சோம்பேறி வேலை என்பார்கள். அது பாதிதான் சரி. பெயின்ட் அடிப்பதற்கென்றே செய்த தாள்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து விற்கின்றன. அப்படிச் செய்யப்படாத தாளில் கை வைக்கும்போதுதான் வேலை கெடுகிறது.

பிரிட்டனில் 1712-இல், ராணி ஆன் காலத்தில், அச்சிட்டும் வண்ணம் தீட்டியும் விற்கும் சுவர்த்தாளுக்குச் சதுர கஜத்துக்கு 1 பென்னி வரி வந்தது. வெற்றுத்தாளுக்கு அந்த வரி இல்லை. ஆகவே வெற்றுத்தாளை வாங்கி ஒட்டிவிட்டு, பிறகு ஆள் வைத்து ஸ்டென்சிலால் பூவேலை போட்டுக்கொண்டவர்கள் உண்டு. 1836-இல்தான் இந்த வரி நீங்கியது.

லினோலியம் தரைவிரிப்பைக் கண்டுபிடித்த பிரடெரிக் வால்டன், 1877-இல் ஆளிவிதை எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட ‘லின்க்ரஸ்டா’ என்ற புடைப்புச் சுவர்விரிப்பைக் கொண்டுவந்தார். அவரிடம் வேலை பார்த்த தாமஸ் பாமர் 1887-இல் காகிதக் கூழிலிருந்து எடை குறைந்த ‘அனக்லிப்டா’வைச் செய்தார். இரண்டையும் ஒட்டிய பிறகு வீட்டுக்காரர் தம் விருப்பப்படி வண்ணம் பூசிக்கொள்ளலாம். மரவேலைப்பாடு போலவோ தோல் போலவோ காட்டிக்கொள்வது விக்டோரிய வீடுகளில் வழக்கமாக இருந்தது.

ஜெர்மனியின் கதை வேறு. வுப்பர்டால் நகரின் ஹ்யூகோ எர்ஃபுர்ட் 1864-இல் உருவாக்கிய ‘ரவுஃபாசர்’, தாளில் மரத்துகள் கலந்து சொரசொரப்பாக்கியது. முதலில் கடைகளின் காட்சி ஜன்னலுக்குப் பயன்பட்டது. 1920-களில்தான் வீட்டுச் சுவருக்கு வந்தது. இன்று அங்கே வாடகை வீட்டுக்கு இதுதான் வழக்கமான தாள். குடியிருப்பவர் மாறும்போது மேலே ஒரு கோட் வெள்ளை, அவ்வளவுதான். சமையலறைக்கும் குளியலறைக்கும் 3 ஆண்டு, படுக்கையறைக்கும் கூடத்துக்கும் 5 ஆண்டு, மற்ற அறைகளுக்கு 7 ஆண்டு என்று மறுபடி வண்ணம் பூசுவதற்கு வாடகை ஒப்பந்தங்கள் கெடு வைத்தன. சுவரின் உண்மை நிலையைப் பாராமல் இப்படி நாள் குறித்துக் கட்டாயப்படுத்தும் விதி செல்லாது என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்தது. கோட் ஏற ஏற மரத்துகள் புதைந்து சொரசொரப்பு மழுங்கிவிடும். அப்போது தாளையே மாற்ற வேண்டும். பிரிட்டனிலோ இதே வகைத் தாளை மோசமான சுவர்ப்பூச்சை மறைக்கத்தான் பலர் ஒட்டினார்கள். அதன் பெயரைக் கேட்டாலே அங்கே வீடு வாங்குபவர் முகம் சுளிப்பார்.

சாதாரண அச்சுத்தாளில் பிரச்சினை தண்ணீரிலிருந்து தொடங்குகிறது. எமல்ஷன் தண்ணீர் கலந்த பெயின்ட். தாள் அதை உறிஞ்சி விரிகிறது, அடியிலுள்ள பசை இளகுகிறது, சில நிமிடங்களில் கொப்புளங்கள் எழுகின்றன. காய்ந்தால் பல கொப்புளங்கள் தானே அமுங்கிவிடும் என்பதால் அவசரப்பட்டுத் தொடக் கூடாது. அமுங்காததைப் பிளேடால் ஒரு கீறு கீறி, சிறு பிரஷ்ஷால் உள்ளே பசை தடவி அழுத்த வேண்டும். தாளும் தாளும் சேரும் இணைப்புகளும் விரிந்து சுருங்கும்போது விளிம்பு தூக்கிக்கொள்ளும். அவற்றை முன்கூட்டியே ஒட்டி, மெல்லியதாகப் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்ப்பது முறை. இதைச் செய்யாவிட்டால் ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும் நேரத்தில் ஒவ்வொரு இணைப்பும் கோடு போட்டதுபோல் தெரியும். எத்தனை கோட் அடித்தாலும் மறையாது.

அடுத்த தொல்லை மை. சிவப்பு அச்சு மை ஈரம் பட்டதும் ஊறி மேலே வரும். பொன்னிறப் பூவேலையிலுள்ள உலோகத்தூள் கறுத்துக் கறையாகும். அதனால் முதல் கோட்டுக்கு எண்ணெய் பிரைமரோ அரக்கு பிரைமரோதான் நல்லது. அரக்கு பிரைமர் ஸ்பிரிட்டில் கரைந்தது, சீக்கிரம் காயும், தாளை நனைக்காது. அது காய்ந்த பிறகு மேலே எமல்ஷன் தாராளமாக அடிக்கலாம். பீரோவுக்குப் பின்னால் கண்ணில் படாத மூலையில் முதலில் கொஞ்சம் அடித்து ஒரு நாள் விட்டுப் பார்த்தால் மை ஊறுமா, தாள் தூக்குமா என்பது தெரிந்துவிடும்.

வினைல் தாளின் வழவழப்பில் பெயின்ட் பிடிக்காது. ஆனால் பல வினைல் தாள்களில் மேல் ஏட்டை மட்டும் உலர்ந்தபடியே உரித்தெடுக்க முடியும். சுவரில் தங்கும் அடித்தாள் நன்றாக ஒட்டியிருந்தால் அதன் மேல் பூசலாம். சுவரில் ஓதம் இருந்தால் எந்தத் தாளின் மேலும் பூசுவது வீண். பெயின்ட் ஈரத்தை உள்ளே அடைத்துவைக்க, பூஞ்சை பின்னால் வளரும்.

மிகப் பழைய தாளானால் உரசுவதற்கு முன் பரிசோதிப்பது அவசியம். கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1775-இல் கண்டறிந்த ஆர்சனிக் பச்சையும் அதன் பின்வந்த மரகதப் பச்சையும் 19-ஆம் நூற்றாண்டுச் சுவர்த்தாள்களில் ஏராளம். ஈரத் தாளில் வளரும் பூஞ்சை அந்த ஆர்சனிக்கை நச்சு வாயுவாக்கும் என்று இத்தாலியின் பார்த்தலோமியோ கோசியோ 1890-களில் காட்டினார். பழைய பெயின்ட் பூச்சுகளில் ஈயமும் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-இல்தான்.

பெயின்ட் அடித்த தாளைப் பின்னாளில் உரிப்பது வெறும் தாளை உரிப்பதைவிடக் கடினம். நீராவியும் வெந்நீரும் பெயின்ட் படலத்தைத் தாண்டிப் பசைக்குப் போவதில்லை. பல் உருளையால் பரப்பெங்கும் துளையிட்டு, அதன் வழியே நீராவி செலுத்தி, சுரண்டியால் துண்டுதுண்டாகத்தான் எடுக்க முடியும். அமெரிக்க வீடுகளில் பிரைமர் பூசாத ஜிப்சம் பலகை மேல் நேராகத் தாள் ஒட்டியிருந்தால், உரிக்கும்போது பலகையின் மேல்தாளும் சேர்ந்து கிழியும். அத்தகைய சுவரில் உரிப்பதைக் கைவிட்டு, மேலேயே புதிதாக மெல்லிய பலகை அடிப்பவர்களும் உண்டு.