கண்ணாடி: ஒரு சொல்லின் பொருள் இடப்பெயர்ச்சி

மகாராட்டிர மாநிலம் புணே மாவட்டத்துத் தளேகாவில் 1908ஆம் ஆண்டு பைசா நிதிக் கண்ணாடித் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. தலைக்கு ஒரு பைசா திரட்டி உள்நாட்டுத் தொழிலை வளர்க்கும் நோக்குடன் அந்தாஜி தாமோதர் காளே தொடங்கிய நிதியால் எழுந்தது அது. திலகரின் ஆதரவும் அதற்கு இருந்தது. மராத்தியர் அவ்வாலையைக் 'காச் கார்கானா' என்பர். காச் என்பது மூலப்பொருளின் பெயர். முகம் பார்ப்பது அவர்களுக்கு 'ஆர்சா'. மூக்கின்மேல் அணிவது 'சஷ்மா'. முன்னது வடமொழி 'ஆதர்ச'த்தின் திரிபு. பின்னது கண்ணைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது. இம்மூன்றையும் தமிழ் 'கண்ணாடி' என்னும் ஒரு சொல்லால் சுட்டுகிறது. அவ்வாறாயின் இவற்றுள் முந்திய பொருள் எது என்பது ஆராயத்தக்கது.

முகம் பார்க்கும் கருவி என்பதே முந்தியது எனலாம். 'ஆடி' என்ற தனிச்சொல் அப்பொருளில் குறுந்தொகை எட்டாம் பாடலிலேயே இடம்பெறுகிறது. சிலப்பதிகார வழக்குரை காதையில் கோப்பெருந்தேவியுடன் செல்லும் மகளிர் ஏந்திய பொருள்களுள்ளும் ஆடி உண்டு. கன்னடத்தில் 'கன்னடி' முகம் பார்ப்பதையே குறிக்க, மூலப்பொருளுக்குக் 'காஜு' எனப் பிறிதொரு சொல் வழங்குகிறது.

பண்டைய ஆடிகள் மெருகேற்றிய உலோகத்தாலானவை. கேரளத்து ஆறன்முளையில் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்க்கும் ஆடி இன்றும் 'கண்ணாடி' என்றே பெயர் பெறுகிறது. அதில் காச் அணுவளவும் இல்லை. ஆகவே, பழைய நூலில் ஆடி, கண்ணாடி என வருமிடமெல்லாம் இன்றைய பொருளை ஏற்றி உரை காண்பதும், அதனைக் கொண்டு தொழில்நுட்ப வரலாறு எழுதுவதும் பொருந்தா. தமிழகத்தார் அம்மூலப்பொருளை அறியாதவர் என்பது இதன் கருத்தன்று. அரிக்கமேட்டில் கிடைத்த மணிகள் அவ்வறிவுக்குச் சான்று. சொல்லும் பொருளும் அன்று இணையவில்லை என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

இணைப்பு நேர்ந்த வழியை ஒருவாறு உய்த்துணரலாம். ஐரோப்பியர் கொணர்ந்த, பின்புறம் பூச்சிட்ட தகடு உலோக ஆடியின் இடத்தைப் பிடித்தபோது அதன் பெயரையும் பெற்றது. 1835இல் லீபிக் கண்ட வெள்ளிப் பூச்சு முறை அத்தகைய ஆடியை மலிவாக்க உதவியது. பூச்சில்லாத தகட்டுக்கும் பெயர் பரவியபின், முகமே தெரியாத விளக்குக் கூடும் புட்டியும் வளையலும் கண்ணாடிப் பொருள்களாயின. ஆங்கிலத்தில் 'கிளாஸ்' இதற்கு நேர்மாறாக மூலப்பொருளிலிருந்து கருவிகளுக்குச் சென்றது. அச்சொல்லைக் கடன் பெற்ற தமிழர் இல்லங்களில் எவர்சில்வர் குவளையும் 'கிளாஸ்' ஆனது தனிவேடிக்கை.

இம்மாற்றத்தில் இடமிழந்த சொல் 'பளிங்கு'. அடுத்திருப்பதைத் தன்னுள் காட்டும் தெளிபொருளாகத் திருக்குறளின் குறிப்பறிதல் அதிகாரத்தில் (706) அது வருகிறது. இன்றைய வழக்கிலோ தரையில் பதிக்கும் சலவைக்கல்லையே பெரிதும் குறிக்கிறது.