ஜான் ஸ்டெப்டோ: தன் தெருவைத் தானே வரைந்தவர்

எங்கள் சேரியில் மாலைப் பள்ளி நடத்துகிறோம். ஒருநாள் பிள்ளைகளிடம் "உங்கம்மாவ வரைங்க" என்றேன். நாலாம் வகுப்புப் படிக்கிற பெண்ணொருத்தி வரைந்த அம்மா வெளிர் ரோசா நிறத்தில் இருந்தாள். வெயிலில் களையெடுத்துக் கறுத்த உடம்பு அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு. "உங்கம்மா இந்த நெறமா பாப்பா?" என்று கேட்டேன். "இதாஞ் சார் ஸ்கின் கலரு" என்று கிரேயான் குச்சியைத் தூக்கிக் காட்டினாள். பெட்டியைப் பார்த்தேன். மற்ற குச்சிகளெல்லாம் தேய்ந்து கிடக்க, பழுப்பு மட்டும் வாங்கினபடியே இருந்தது. மரத்துக்கு அடிப்பாகம் தீட்டுவதற்கு மட்டும்தான் அது.

எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு பதில் இல்லை. நான் படித்த பாடப்புத்தகத்திலும் வீடென்றால் ஓட்டு வீடு, அம்மா என்றால் தலை நிறையப் பூ வைத்த சிவத்த அம்மா. என் அம்மா எந்தப் பக்கத்திலும் இல்லை. இல்லை என்பதே எனக்கு அப்போது உறைக்கவில்லை. இதே கேள்வியை இன்னொரு நாட்டில், இன்னொரு தெருவில் எதிர்கொண்ட ஒரு கறுப்பர் இருந்தார். அவர் குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் வரைந்தவர். அவரைப் பற்றி நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜான் ஸ்டெப்டோ 1950இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். கறுப்பர்கள் நெருங்கி வாழும் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் பகுதி அவருடைய ஊர். அவர் சிறுவனாயிருந்தபோது அமெரிக்கக் குழந்தைப் புத்தகங்கள் எப்படி இருந்தன என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நான்சி லாரிக் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி 1965இல் ஒரு கட்டுரை எழுதினார். மூன்று வருசத்தில் வெளிவந்த 5,206 குழந்தைப் புத்தகங்களை எடுத்துப் பார்த்ததில், ஒரு கறுப்பு முகமாவது இருந்தவை வெறும் 349. புத்தகத்தில் வருகிற பிள்ளைகள் எப்போதும் வெள்ளையாகவே இருப்பது ஏன் என்று ஐந்து வயதுக் கறுப்புக் குழந்தை ஒன்று கேட்டதைச் சொல்லித்தான் அந்தக் கட்டுரை தொடங்குகிறது. நம்ம மாலைப் பள்ளிப் பிள்ளை அதைக்கூடக் கேட்கவில்லை. இதுதான் தோல் நிறம் என்று ஒத்துக்கொண்டுவிட்டது.

இந்த வெறுமைக்கு நடுவில் 1962இல் எஸ்ரா ஜாக் கீட்ஸ் 'தி ஸ்னோயி டே' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். பனியில் விளையாடும் பீட்டர் என்ற கறுப்புச் சிறுவனின் கதை. கீட்ஸ் ஏழை யூதக் குடும்பத்துப் பிள்ளை. யூத வெறுப்புக்கு அஞ்சிக் காட்ஸ் என்ற தன் பெயரையே மாற்றிக்கொண்டவர். அவர் செய்தது பெரிய காரியம். ஆனாலும் அந்தப் புத்தகத்தில் வரும் அம்மாவின் உருவம், வெள்ளையர் கற்பனையில் நெடுங்காலமாக இருந்துவரும் வேலைக்காரக் கறுப்பியின் அச்சாக இருக்கிறது என்று லாரிக் குறை சொன்னார். நம்மைப் பற்றி யார் எழுதலாம் என்று நாம் இங்கே நடத்திய விவாதத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. அனுதாபமுள்ள வெளியாள் கதவைத் திறந்துவிடலாம். வீட்டுக்குள் என்ன இருக்கிறதென்று சொல்ல வீட்டுக்காரன்தான் வரவேண்டும்.

ஸ்டெப்டோ வந்தார். ஓவியம் கற்பிக்கும் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர், 16 வயதில் 'ஸ்டீவி' என்ற கதையை எழுதத் தொடங்கினார். 1969இல் ஹார்ப்பர் அண்ட் ரோ பதிப்பகம் அதை வெளியிட்டது. அந்த ஆகஸ்டில் 'லைஃப்' இதழ் முழுக் கதையையும் வண்ணப் படங்களோடு அச்சிட்டது. அவருக்கு அப்போது 19 வயது நிறையவில்லை.

கதை சின்னதுதான். வேலைக்குப் போகிற ஒரு தாய் தன் மகன் ஸ்டீவியை ராபர்ட்டின் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாள். அந்தப் பொடியன் பொம்மையை உடைக்கிறான், படுக்கையை மிதித்து அழுக்காக்குகிறான், வாலாட்டம் பின்னாலேயே திரிகிறான். ராபர்ட்டுக்கு எரிச்சலாக வருகிறது. ஸ்டீவியின் குடும்பம் வேறிடம் போன பிறகுதான், அவன் தனக்குத் தம்பி மாதிரி இருந்தான் என்பது உறைக்கிறது. வெள்ளைக்காரனோடு சண்டை இதில் இல்லை. இரக்கத்தைக் கேட்டு நிற்பதும் இல்லை. வேலைக்குப் போகும் தாய்மார்கள், ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்ளும் தெரு, இவ்வளவுதான். நம்ம தெருவில் இதைவிட அன்றாடமான சங்கதி ஏது?

அந்தக் கதையை ராபர்ட் தன் வாயாலேயே சொல்கிறான். பள்ளிக்கூட இலக்கணத்துக்கு அடங்காத, கறுப்பர்கள் வீட்டில் பேசுகிற பேச்சு அது. அதைத் திருத்தாமல் புத்தகத்தில் ஏற்றினார் ஸ்டெப்டோ. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது அதன் பேச்சுமொழி இங்கே எத்தனை பேரை நெளியவைத்தது என்பது நமக்குத் தெரியும். பேச்சைத் திருத்துகிறவன் பேசுகிற ஆளையும் சேர்த்துத்தான் திருத்துகிறான். படமும் அப்படியே. தடித்த கறுப்புக் கோடு. அதற்குள் அடர்ந்து எரியும் வண்ணங்கள். முகங்களை வெளுப்பாக்கவில்லை, கறுப்பை ஒளித்துவைக்கவும் இல்லை.

பிறகு அவருடைய பிள்ளைகளே புத்தகங்களுக்குள் வந்தார்கள். மகள் ப்வீலாவும் மகன் ஜவாகாவும் 1974இல் வந்த 'மை ஸ்பெஷல் பெஸ்ட் வேர்ட்ஸ்' புத்தகத்தின் நாயகர்கள். தெருவிலிருந்தும் வீட்டிலிருந்தும் தொடங்கியவர் அடுத்து வரலாற்றுக்குப் போனார்.

1987இல் வந்த 'முஃபாரோஸ் பியூட்டிஃபுல் டாட்டர்ஸ்' ஆப்பிரிக்க நாட்டார் கதை ஒன்றை எடுத்துக்கொண்டது. கதை நடக்கும் நகரத்தைக் கிரேட் ஜிம்பாப்வேயின் கல் இடிபாடுகளைப் பார்த்து வரைந்தார். அந்த இடிபாடுகளுக்கு ஒரு வழக்கு உண்டு. கறுப்பர்கள் இவ்வளவு பெரிய கல்நகரத்தைக் கட்டியிருக்க முடியாது, வெளியிலிருந்து வந்த யாரோதான் கட்டினார்கள் என்று வெள்ளைக் குடியேறிகள் சாதித்தார்கள். ஆப்பிரிக்கர்கள் கட்டியதே என்று 1929இலேயே கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் அகழாய்வு செய்து நிறுவிய பின்னும், ரொடீசியாவின் வெள்ளை ஆட்சி அதைப் பேசவிடவில்லை. 1980இல் விடுதலை பெற்ற நாடு அந்த இடிபாட்டின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. கட்டினவன் கையை மறைத்துவிட்டுக் கட்டடத்தைப் புகழ்வது நமக்குப் புதுசா என்ன? கோயிலைக் கட்டியவர்கள் யார், உள்ளே போகக்கூடாதென்று நிறுத்தப்பட்டவர்கள் யார்?

பறிக்கப்பட்ட அந்த நகரத்தை ஸ்டெப்டோ குழந்தைகளுக்குத் திருப்பிக் கொடுத்தார். அங்கே நடமாடும் பெண்களுக்கு முகம் எங்கிருந்து கிடைத்தது? தன் தாயையும் மகளையும் மாதிரியாக வைத்துக்கொண்டார். புரூக்ளின் பெண்கள் அரசகுலப் பெண்களானார்கள். நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த நேரத்தில் வந்த அந்தப் புத்தகத்தைத் தென்னாப்பிரிக்கக் குழந்தைகளுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். அதற்குக் கால்டிகாட் சிறப்பு மரியாதையும் கொரெட்டா ஸ்காட் கிங் விருதும் கிடைத்தன. 1989இல், 38 வயதில், ஸ்டெப்டோ இறந்துபோனார். மகன் ஜவாகாவும் ஓவியரானார். கறுப்பு ஓவியர் பாஸ்கியாவின் இளமையைச் சொல்லும் புத்தகத்துக்காக 2017இல் கால்டிகாட் பதக்கத்தையே பெற்றார்.

'ஸ்டீவி'யை எங்கள் பிள்ளைகளுக்குப் படம் காட்டி, நம்ம பேச்சில் சொன்னேன். "இவன் நம்ம மாரி இருக்கான் சார்" என்றான் ஒருவன். நல்லதுதான். ஆனால் நம்ம மாதிரி ஒருவனைப் பார்க்கப் புரூக்ளின் வரைக்கும் போகவேண்டியிருக்கிறதே! நம்மிடம் கவிதை இருக்கிறது, தன்வரலாறு இருக்கிறது, நாவல் இருக்கிறது. எல்லாம் வளர்ந்தவர்களுக்கு. அஞ்சு வயதுப் பிள்ளை தொட்டுப் பார்க்கும்படி, அதன் தெருவையும் அதன் அம்மாவையும் வரைந்த புத்தகங்கள் நம் கையால் எத்தனை வந்திருக்கின்றன? அந்த வயதில் உறைக்காமல் போனதை எனக்கு உறைக்கவைக்கப் பல்கலைக்கழகம் வரைக்கும் ஆனது. தோழர்களே, நம்மில் வரையத் தெரிந்தவர்கள் சுவரொட்டியோடு நின்றுவிட வேண்டாம்.

அந்தப் பெண் மறுவாரம் அம்மாவைத் திரும்ப வரைந்தாள். பழுப்பைக் கையில் எடுத்துவிட்டு, "அம்மா திட்டுமா சார்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.