ஒரு வாய்க்கு ஒரு குவளை

கொல்கத்தா டீக்கடையில் கைக்கு வரும் மண்குவளைக்கு ‘பார்’ என்று பெயர். கொஞ்சம் மூக்கால் சொல்ல வேண்டும். வேறொன்றுமில்லை, நம் மண்பாண்டத்தில் இருக்கும் ‘பாண்டம்’தான் அங்கே தேய்ந்து ‘பார்’ ஆகிவிட்டது.

உல்டாடாங்காவை ஒட்டிய தட்சிணதாரி குயவர்கள் நிறைந்த பகுதி. மிதித்துக் குழைத்த களிமண்ணைச் சுழலும் சக்கரத்தின் நடுவே கூம்பாக நிறுத்துகிறார் குயவர். உச்சியில் கட்டைவிரல் இறங்கியதும் குழி விழுகிறது; விரல்களுக்கிடையே சுவர் எழும்புகிறது; நூலால் அறுத்தால் ஒரு குவளை. மிச்சக் கூம்பிலிருந்து அடுத்தது. வெயிலில் காய்ந்து, சூளையில் வெந்து சிவந்ததும் கடைக்குப் போகிறது. மெருகு பூசாத மண் டீயைக் கொஞ்சம் தானும் குடிக்கும். முதல் மிடறில் மழை விழுந்த புழுதியின் வாசனை வருவது அதனால்தான்.

கணக்குப் பார்த்தால் தேறாத பொருள். காகிதக் கோப்பையைவிடக் கனம், வழியிலேயே பாதி உடையும், ஐந்து நிமிட வாழ்வுக்குச் சூளை நிறைய விறகு. 2004-ல் ரயில்வே அமைச்சரான லாலு பிரசாத் இதை ரயிலேற்றினார். நிலைக்கவில்லை.

பொருளை அளக்க வேறு வழியும் உண்டு. இந்திய அரசு அழைத்து வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி, 1958-ல் தந்த அறிக்கையில் நம் சொம்பை எடுத்துவைத்துக்கொண்டு கேள்வியாகக் கேட்டார்கள். சூடாக இருந்தால் பிடிக்க முடியுமா? இன்னொன்றில் இடித்தால் என்ன சத்தம்? கண்ணை மூடித் தொட்டால் எப்படி? ஒருவருக்குக் கொடுக்கும்போது மனசு எப்படி இருக்கும்? அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-ல் பிறந்ததற்கு அந்த அறிக்கையே வித்து. இந்தக் கேள்விகளில் பார் தாராளமாகத் தேறிவிடும். தடித்த சுவர் விரலைச் சுடாது.

ஆனால் அவர்கள் பட்டியலில் இல்லாத கேள்வி ஒன்று உண்டு: இதில் யார் வாய் பட்டது? நம் டம்ளரின் விளிம்பு வெளியே மடிந்திருப்பது அண்ணாந்து குடிக்கத் தோதாக. ஊர்ப்புற டீக்கடைகளில் சாதி பார்த்து இரட்டைக் குவளை வைத்ததும் இதே எச்சில் பயத்தால்தான். பாருக்கும் அந்தப் பயத்தில் பங்குண்டு. என்ன, அது எல்லார் வாயையும் ஒரே மாதிரி சந்தேகிக்கிறது.

குடித்ததும் கடையோரத் தொட்டியில் வீசுகிறார்கள். மண்ணோடு மண்ணாகிவிடும் என்பார்கள். சுட்ட மண் அத்தனை சீக்கிரம் மக்காது; கீழடி அகழாய்வில் குழிகுழியாகக் கிடைத்தவை பானையோடுகள்தாமே. தொட்டியில் ‘சளக்’கென்று ஒரு சத்தம். அதற்குள் கடைக்காரர் அடுத்த குவளையைத் தட்டித் தூசி உதறிவிட்டு, கெட்டிலைச் சாய்க்கிறார்.