கொல்லனற்ற தேசமும் கல்வராயன் மலையும்

பெயரிலேயே கோட்டையைத் தாங்கி நிற்கும் எலவனாசூர்கோட்டையைக் கடந்து சேலம் நெடுஞ்சாலையில் மேற்கே செல்வோருக்குக் கல்வராயன் மலை தென்படும். அம்மலையூர்களில் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகள் கைப்பற்றப்பட்ட செய்தியை நாளிதழ்களில் அவ்வப்போது வாசிக்கிறோம். வேட்டையில் குறி தவறி ஒரு மனிதன் மாண்டான் என்று கேள்விப்பட்டால், எல்லாத் துப்பாக்கிகளையும் பறிமுதல் செய்யவேண்டும் என்கிறோம். காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் மரவள்ளிக் கொல்லையை அழித்தன என்று சபையார் ஒருவர் முறையிட்டாலோ, அதே நாவினால் வேறு பேசுகிறோம். நம்முடைய இவ்விரு மனநிலைகளுக்கும் இந்நாட்டில் ஒரு வரலாறு உண்டு.

பெலிஸ்தர் இஸ்ரவேலில் கொல்லரே இல்லாதபடி செய்ததை 1 சாமுவேல் 13ஆம் அதிகாரம் கூறுகிறது. கலப்பைக் கொழுவைத் தீட்டுவதற்கும் இஸ்ரவேலர் பகைவரிடமே இறங்கிச் செல்ல வேண்டியதாயிற்று. லிட்டன் பிரபுவின் காலத்தில், 1878இல், இயற்றப்பட்ட ஆயுதச் சட்டத்தை நம் முன்னோர் ஏறத்தாழ இக்கண்கொண்டே நோக்கினர். இந்தியர் உரிமம் பெறவேண்டும், ஐரோப்பியருக்கோ விலக்கு. (குடகருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது, அது இன்றளவும் நீடிக்கிறது.) துப்பாக்கி இல்லாமையைவிட, நம்பத்தகாதவர் என்று முத்திரையிடப்பட்டதே அவர்களைப் புண்படுத்தியது. அகிம்சையைப் போதித்த காந்தியடிகளே 1918இல் இச்சட்டத்தை வன்மையாகக் கண்டித்தார் என்பது மாணவர் பலருக்கு வியப்பளிக்கக்கூடும். 1931இல் கூடிய கராச்சி காங்கிரசு, ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்குவதை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகவே தீர்மானித்தது.

1948 சனவரி 30 அன்று காந்தியடிகள் கைத்துப்பாக்கிக்கு இரையானார். அவ்வாண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் எச்.வி. காமத் அரசியல் நிர்ணய சபையில் கராச்சித் தீர்மானத்தை நினைவூட்டி, அவ்வுரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. திருடரும் கொள்ளையரும்கூட அவ்வுரிமையைக் கோர இடமாகும் என்றார். வற்புறுத்தத்தக்கது ஆயுதம் தாங்கும் உரிமையன்று, கடமையே என்றார். திருத்தம் தோற்றது. அடிமைப்பட்டோரின் மனக்குறையாயிருந்த ஒன்று, தம்மைத் தாமே ஆளுவோரின் பொறுப்பாக மாறிய இடம் இதுவே. அம்பேத்கர் கண்டதே சரி என்பது நம் துணிபு.

ஆயினும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உழவனுக்கு ஒரு சிறு வாயிலைத் திறந்தே வைத்தது. மெய்யாகவே பயிர்க்காவலுக்கு வேண்டுவோருக்கு, குழலின் வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க அதன் 13ஆம் பிரிவு இடந்தருகிறது. அவ்வாயிலைக் கல்வராயன் மலைவாசி எட்டுவது எங்ஙனம்? 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையே அவன் அறிந்த அரசு. உரிமம் வழங்கும் மாவட்ட ஆட்சியரின் அலுவலகமோ 1993 வரை கடலூரில் இருந்தது, பின்னர் விழுப்புரத்தில், 2019இல் புதிய மாவட்டம் அமைந்த பின்னரே கள்ளக்குறிச்சிக்கு வந்தது. கொழுவைத் தீட்ட இறங்கிச் சென்ற இஸ்ரவேலரைப்போல அவனும் மலையிறங்கி நெடுந்தொலைவு செல்லவேண்டியிருந்தது. உரிமம் கேளாமல் துப்பாக்கி செய்து கொடுக்கும் கொல்லன் அதைவிட அருகில் இருந்தான்.